மஞ்சள் மாத்திரையும் நூறு சதவீத விழிப்புணர்வும்

கடலூரில் முன்தாய்மை விழிப்புணர்வுத் தனிப்பிரிவு என்று ஓர் அலுவலகம் இருந்தது. இருந்தது என்ன, இன்றைக்கும் இருக்கிறது. அலுவலகங்களுக்கு ஏது சாவு? வயிற்றில் பிள்ளை தங்குவதற்கு முன்பிருந்தே பெண்கள் ஃபோலிக் அமில மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் சில பிள்ளைகளுக்கு முதுகெலும்பு மூடாமலே போய்விடும் என்று ஜனங்களுக்கு எடுத்துச் சொல்வது அதன் வேலை. சொல்வது மட்டும்தான். மாத்திரையைக் கொடுப்பது சிதம்பரத்தில் இருந்த விநியோகப் பிரிவின் வேலை. மாத்திரை எதற்கென்று சிதம்பரத்தார் வாயைத் திறந்தால் கடலூரின் அதிகாரத்தில் மூக்கை நுழைத்ததாக ஆகும். கடலூரார் ஒரு மாத்திரையைத் தொட்டு எடுத்துக் கொடுத்தால் சிதம்பரத்தின் அதிகாரத்தில் கை வைத்ததாக ஆகும். ஆகவே மாத்திரையைப் பற்றித் தெரிந்தவர்கள் கொடுக்காமலும், கொடுப்பவர்கள் சொல்லாமலும் இரண்டு பிரிவும் வெகுகாலமாக ஒற்றுமையாக இருந்து வந்தன.

விநியோகத்துக்கு ஒரு விதியும் உண்டு. கர்ப்பிணி எனப் பதிவு செய்யப்பட்டவருக்கே மாத்திரை. நம் பக்கத்துப் பெண்களோ மூன்று மாசம் முடியாமல் வாயைத் திறக்க மாட்டார்கள். சொன்னால் கண்ணு பட்டுவிடும். மூன்று மாசம் போய், நாலு பேருக்குச் சொல்லி, பதிவு செய்து, அட்டை வாங்கி, மாத்திரை கைக்கு வரும்போது வயிறு மேடு தட்டியிருக்கும். குழந்தையின் முதுகெலும்பு மட்டும் எந்த விதியையும் படிக்காமல் முதல் மாசத்திலேயே மூடித் தொலைக்கிறது. அதை யார் கேட்பது?

இந்தத் தனிப்பிரிவுக்குக் கண்காணிப்பாளர் லூர்துநாதன். ஓய்வு பெறுவதற்குள் ஒரு விருது வாங்கிவிட வேண்டும் என்பது அவருடைய நியாயமான ஆசை. மாவட்டத்தில் நூறு சதவீத விழிப்புணர்வு காட்டினால் விருது. விழிப்புணர்வை அளக்கிற முறையும் மிக விஞ்ஞானபூர்வமானது. "ஃபோலிக் அமிலம் தெரியுமா?" என்று ஒரு பெண்ணிடம் கேட்பார்கள். தெரியாது என்பாள். "அது ஒரு மாத்திரை. இப்ப சொல்லிட்டோமே, தெரியுமா?" என்று மறுபடி கேட்பார்கள். "ம்" என்பாள். அந்த "ம்"மோடு அவள் விழிப்புணர்வு அடைந்தவள் ஆகிவிடுவாள்.

தேவனாம்பட்டினம் கடற்கரையில் நடந்த விழாவைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். ஏழாம் மாசத்துப் பெண்களாகப் பொறுக்கி எடுத்து, பட்டுப்புடவை கட்டச் சொல்லி, மாலை போட்டு, உச்சி வெயிலில் வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். வண்ணக் காகிதத்தில் தொட்டில் செய்து, அதற்குள் தலையை நீட்டி செல்ஃபி எடுத்துக்கொள்ள ஓர் ஏற்பாடு. அலுவலகப் பெண்கள் ரீல்ஸுக்காக வயிற்றைத் தடவிக்கொண்டே ஒரு நடனம் ஆடினார்கள். ரோஸ் கலர் மாத்திரை வேஷம் போட்ட ஓர் ஆள், ஆள் உயரத் தெர்மாகோலுக்குள் நின்று எல்லாருக்கும் கை காட்டிக்கொண்டிருந்தான். லூர்துநாதன் மைக்கைப் பிடித்து, "கருவுறுவதற்கு முன்பிருந்தே!" என்று முழங்கினார். கூட்டம் கை தட்டியது.

மீன் ஏலத்துக்குப் போகிற பிரிசில்லா என்கிற பெண் கையைத் தூக்கினாள்.

"சார், ஒரு டவுட்டு. புள்ள தங்கறதுக்கு முன்னாடி போடணும்னு சொல்றீங்க. எனக்கு ஏழு முடியப் போவுது. எங்கிட்ட ஏன் சார் சொல்றீங்க?"

"நல்ல கேள்வி. அடுத்த குழந்தைக்கு உதவும்மா."

"இது ரெண்டாவது சார். இதோட ஆபரேஷன் பண்ணிக்கன்னு உங்க ஆளுங்கதான் வந்து எழுதிக்கிட்டுப் போனாங்க."

"அது வேற பிரிவு."

"அப்ப புதுசா கல்யாணம் ஆனவங்களக் கூப்புட்டு சொல்லலாமுல்ல?"

"அவுங்க கர்ப்பிணியே இல்லியேம்மா! கர்ப்பிணி இல்லாதவங்கள கர்ப்பிணி விழாவுக்கு எப்பிடிக் கூப்புடறது? போட்டோவுல வயிறு தெரியணும். இல்லாட்டி யாரு கர்ப்பிணி, யாரு கூட வந்தவன்னு மேலிடத்துல கேப்பாங்க."

"சரி, அந்த மாத்திர ஒன்னயாவது கண்ணுல காட்டுங்க, பாத்துக்கறோம்."

லூர்துநாதன் பெருந்தன்மையோடு கையை நீட்டிக் காட்டினார். மாத்திரை வெயில் தாங்காமல் மயங்கி விழுந்து, படகு நிழலில் கிடந்தது. இரண்டு பேர் தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தார்கள்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதைப் பட்ஜெட்டோடு நடத்தியவர் லூர்துநாதன். ஆனால் மனுஷன் கெட்டவர் இல்லை. அவர் வீட்டுக் கதையைக் கேட்டால் உங்களுக்கே பாவமாக இருக்கும்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு. மனைவி சகாயசெல்வி, மகன் ஆரோக்கிய ஜெகன், மருமகள் ஜெனிட்டா. ஜெகன் சிதம்பரத்தில் ஒரு வங்கியில் வேலை, தினமும் பஸ்ஸில் போய் வருவான். ஜெனிட்டா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். போன வருஷம் அவளுக்கு ஐந்தாம் மாசம் ஸ்கேன் எடுத்தபோது பிள்ளைக்கு முதுகெலும்பு மூடவில்லை என்றார்கள். அந்தப் பிள்ளை தங்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்று லூர்துநாதன் வாய்விட்டு அழுதார். மாவட்டம் முழுக்க மைக் பிடித்துச் சொன்ன சங்கதி, சொந்த வீட்டில் அவர் சொல்லாத சங்கதி. எப்படிச் சொல்வார்? "வயித்துல தங்கறதுக்கு முன்னாடி மாத்திர போடும்மா" என்பது மாமனார் மருமகளிடம் பேசுகிற பேச்சா? மனைவியிடம் சொல்லலாமென்றால், "பொம்பள சமாச்சாரத்துல உங்களுக்கு என்னா வேல?" என்பாள். மகனிடம் சொல்வதற்கோ இருவருக்கும் வெட்கம். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அது சில பேருக்குக் குணம். இவருக்கு மரியாதை.

மறுபடி பிள்ளை உண்டாகும் முன்பே ஃபோலிக் அமிலம் ஆரம்பித்துவிட வேண்டும் என்று சிதம்பரத்தில் ஒரு டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஜெனிட்டா வாங்கினாள். ஆனால் கல்யாணமான பெண் தினமும் மாத்திரை போட்டால் மாமியார் என்ன நினைப்பார் என்று அவளுக்குத் தெரியாதா? அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து, ஒரு காலித் தைல டப்பாவில் போட்டு, துணிகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்து வந்து துணி மடிக்கும்போது டப்பா சகாயசெல்வி கையில் சிக்கியது. நடுக்கூடத்தில் வைத்துத் திறந்தாள்.

"இன்னாடி இது?"

"மாத்திர அத்த. டாக்டர் குடுத்தது."

"நீ நல்லாத்தான இருக்க? உனக்கு என்னா நோவு?" சகாயசெல்விக்குக் குரல் ஏறியது. "புரிஞ்சுபோச்சு. ஒன்னு போனதுல பயந்துக்கிட்டு அடுத்தது வராம தடுக்கப் பாக்கற! மாதாவே, நான் வேளாங்கண்ணிக்கு நடந்து வரேன்னு நேந்துக்கிட்டு இருக்கேன், இவ இங்க மாத்திர போட்டு என் பேரப்புள்ளய தடுத்துக்கிட்டு இருக்கா!"

"அத்த, தடுக்கற மாத்திர இல்ல. இது ஃபோலிக் ஆசிட். புள்ளையோட முதுகெலும்புக்கு."

"வயித்துல புள்ளையே இல்ல, யாரு முதுகெலும்புக்கு?"

ஜெகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அம்மா பார்த்தாள். மனைவியும் பார்த்தாள். எடுத்த வாயை மூடிக்கொண்டு செல்போனைப் பார்த்தான்.

"மாமாவயே கேளுங்க அத்த," என்றாள் ஜெனிட்டா. "அவுங்க ஆபீஸே இதுக்குத்தான இருக்கு?"

எல்லாரும் லூர்துநாதனைப் பார்த்தார்கள். இப்படி ஒரு தருணத்துக்காக அல்லவா அரசாங்கம் அவருக்கு இத்தனை வருஷம் சம்பளம் கொடுத்து வளர்த்தது! அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். தம்மாத்தூண்டு. மஞ்சள் நிறம். ஃபோலிக் அமிலம் பற்றி மூச்சு விடாமல் ஒரு மணி நேரம் பேசக்கூடிய அந்த மனுஷன், தம் வாழ்நாளில் அந்த மாத்திரையைக் கண்ணால் கண்டதே இல்லை. விநியோகம் சிதம்பரம் அல்லவா? அவருக்குத் தெரிந்ததெல்லாம் பண்ருட்டியில் போர்டு அடிக்கிறவன் எங்கிருந்தோ எடுத்துப் போட்ட ரோஸ் கலர் படம்.

"இது..." என்று இழுத்தார். "இது அது இல்லம்மா."

"மாமா!"

"அது ரோஸ் கலரு. கொஞ்சம் பெருசு. ஜில்லா பூரா போர்டு வச்சிருக்கோமே, நீ பாத்ததில்லையா?"

"அது படம் மாமா. மாத்திர இதுதான்."

"படத்துக்கு மூணு மேலதிகாரி கையெழுத்து போட்டுருக்காங்கம்மா. இதுக்கு யாரு போட்டுருக்கா?"

"டாக்டர் சீட்டு இருக்கு!"

"டாக்டர் சரியாத்தான் எழுதியிருப்பாங்க. கடக்காரன் எத எடுத்துக் குடுத்தானோ, யாரு கண்டா? அட்டையும் இல்ல."

"பாத்தியா, டிபார்ட்மெண்ட் ஆளே சொல்லிட்டாரு," என்றாள் சகாயசெல்வி. கணவன் வேலையைப் பற்றி அவள் பெருமைப்பட்டது அதுதான் முதல் தடவை.

ஜெனிட்டா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மாமா, போன தடவ எம்புள்ள முதுகு மூடாமப் போச்சு. புள்ளைய ஒரு தடவ கையில வாங்கக்கூட குடுக்கல எங்கிட்ட. இந்தத் தடவையும் அப்பிடி ஆச்சுன்னா நான் இருக்க மாட்டேன் மாமா. அதக் குடுத்துடுங்க."

கொடுத்துவிடு, கொடுத்துவிடு என்று லூர்துநாதனின் மனசு சொன்னது. ஆனால் முப்பது வருஷச் சர்வீஸ், நாக்கைப் பிடித்து இழுத்தது. "சந்தேகம்னு வந்துட்டா உரிய இடத்துல தெளிவுரை கேக்கணும்மா. அதுவரைக்கும் டப்பா எங்கிட்ட இருக்கட்டும். ஆவன செய்யறேன்," என்று சொல்லி பீரோவில் வைத்துப் பூட்டினார்.

மறுநாள் அலுவலகம் போனதும் முதல் வேலையாகச் சிதம்பரம் விநியோகப் பிரிவுக்கு, அங்கே கண்காணிப்பாளராக இருந்த வைத்திலிங்கத்துக்குப் போன் போட்டார்.

"வைத்திலிங்கம் சார், ஒன்னுமில்ல, சின்ன விஷயம். அந்த மாத்திர என்னா கலரு?"

"எந்த மாத்திர?"

"நீங்க குடுக்கறதுதான்."

"நாங்க குடுக்கறது பொட்டி சார். பொட்டி பழுப்பு கலரு."

"உள்ள இருக்கறது?"

"பிரிக்க எங்களுக்கு அனுமதி இல்ல சார். பிரிச்சா ஆடிட்டுல மாட்டிக்குவேன்."

"பொட்டி மேல எழுதியிருக்குமே?"

"எழுதியிருக்கு. அதப் படிச்சுச் சொன்னா விழிப்புணர்வு ஆயிடும். அது உங்க அதிகாரம். நாளைக்கு நீங்களே எம்மேல எழுதுவீங்க."

"நான் கலருதான சார் கேட்டேன்!"

"கலரு சொல்றது விநியோகத்துல வருமா விழிப்புணர்வுல வருமான்னு எனக்கே தெளிவு இல்ல. எழுத்து மூலமா கேளுங்க. மாதிரி ஒன்னு வச்சு அனுப்புங்க."

எழுத்து மூலமாகக் கேட்டார். மாதிரிக்கு ஒரு மாத்திரை அனுப்பினால் போதாதோ என்று டப்பாவையே அனுப்பி வைத்தார். வெகு சீக்கிரத்திலேயே பதில் வந்தது. பதிவு பெற்ற கர்ப்பிணி அல்லாத ஒருவர் வசம் மேற்படி மாத்திரைகள் இருந்தது எவ்வாறு என்பதற்கு விளக்கம் கோரப்பட்டிருந்தது. மேலும், பெறப்பட்ட மாத்திரைகள் வீணாகக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் காடாம்புலியூரைச் சேர்ந்த ஒன்பது மாதக் கர்ப்பிணி ஒருவருக்கு அவை வழங்கப்பட்டுவிட்டன என்றும் கனிவுடன் தெரிவிக்கப்பட்டிருந்தது. கலரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

டப்பா போன செய்தியை வீட்டில் எப்படிச் சொல்வதென்று அவர் நாளைக் கடத்திக்கொண்டிருந்தார். ஜெனிட்டா கேட்கவே இல்லை. அதுவே அவரை அரித்தது. ஒரு சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்தவர், கூடத்தில் கண்ட காட்சியில் அப்படியே நின்றுவிட்டார். சகாயசெல்வி ஒரு கையில் பால் டம்ளரும் மறு கையில் ஒரு மஞ்சள் மாத்திரையும் வைத்துக்கொண்டு, "வாயத் தொற கண்ணு," என்று மருமகளைக் கொஞ்சிக்கொண்டிருந்தாள். ஜெனிட்டா சமர்த்தாக விழுங்கினாள்.

"என்னாது அது?" என்றார்.

"பொம்பள சமாச்சாரம். போய் மூஞ்சி கழுவுங்க," என்றாள் மனைவி.

மூஞ்சி கழுவினார். புரியவில்லை. பிரஷர் மாத்திரை வாங்க வேண்டியிருந்தது. தெருமுனையில் கண்ணாயிரத்தின் மெடிக்கல் ஷாப்புக்குப் போனார். கண்ணாயிரம் அவரைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டான்.

"சார், ஒங்க வேலைக்கு ஒரு சலாம். ஃபோலிக் ஆசிட் கடையில நிக்கவே மாட்டேங்குது. பொட்டி பொட்டியா எறக்கறேன், சாயங்காலத்துக்குள்ள காலி."

"அப்பிடியா!" லூர்துநாதனுக்கு நெஞ்சு விம்மியது. "எல்லாம் விழிப்புணர்வுப்பா. போர்டு வச்சோமில்ல? எங்க, ஒரு அட்டையக் காட்டு."

கண்ணாயிரம் எடுத்துப் போட்டான். தம்மாத்தூண்டு. மஞ்சள் நிறம். பின்னால் பெயர் அச்சடித்திருந்தது. லூர்துநாதன் எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தார். ஃபேன் காற்றிலும் சட்டை நனைந்தது. மருமகள் தரையில் உட்கார்ந்து அழுத முகம் கண் முன்னால் வந்தது. படுபாவி, படுபாவி என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

அப்போது பக்கத்து வீட்டுச் சுவேதா வந்தாள். கல்யாணமாகி இரண்டு மாசம்தான்.

"அண்ணே, அந்தச் செவப்பு மாத்திர ஒரு அட்ட குடுங்க."

கண்ணாயிரம் மஞ்சள் அட்டையை எடுத்துக் கொடுத்தான்.

"செவப்பு மாத்திரையா? மஞ்சளால்ல இருக்கு?" என்றார் லூர்துநாதன்.

சுவேதா வெட்கப்பட்டாள். "புள்ள செவப்பாப் பொறக்கறதுக்கு சார். குங்குமப்பூவக் காய்ச்சி வடிச்சுப் பண்ணதாம். அதான் மஞ்சளா இருக்கு. ஆனா புள்ள தங்கறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடணுமாம். அப்பதான் கலரு உள்ள எறங்குமாம். தங்கனப்புறம் போட்டா, கட்டி முடிச்ச செவுத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கற மாதிரி, மேலால நின்னுடுமாம்."

"யாரும்மா சொன்னது?"

"உங்க வீட்டம்மாதான் சார். தெருவுல எல்லாரும் போடுறோம். யாருக்கு நாள் தள்ளியிருக்கு, யாருக்குத் தள்ளலன்னே தெரியாது. கண்ணு படறதுக்கும் வழியில்ல, பாத்துக்கங்க!"

கேட்டீர்களா? அரசாங்கம் இத்தனை வருஷமாகக் கொட்டு மேளத்தோடு சொல்லி எந்தக் காதிலும் ஏறாத "தங்குவதற்கு முன்பிருந்தே" என்கிற சமாச்சாரம், முதுகெலும்பை எடுத்துவிட்டுக் கலரை வைத்ததும் தெரு முழுக்கப் பச்சைத் தண்ணீர் மாதிரி இறங்கிவிட்டது. பிள்ளை நிமிர்ந்து நிற்குமா என்று கவலைப்படாதவர்கள் வெளுப்பாக இருக்குமா என்றதும் வரிசையில் நின்றார்கள். முன்கூட்டியே ஆரம்பிக்க வேண்டிய அவசியத்தைச் சகாயசெல்விக்கு ஒருவரும் இரண்டாம் தடவை விளக்க வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது ஜெனிட்டா அடுப்படியில் சங்கரா மீனைச் செதில் போக உரசிக்கொண்டிருந்தாள். சகாயசெல்வி கோயிலுக்குப் போயிருந்தாள்.

"ஜெனிட்டா... அந்த மாத்திர... குங்குமப்பூன்னு..."

"ஆமா மாமா. நான்தான் சொன்னேன். அன்னைக்கிப் பாத்தது வேற, இது புதுசா வந்த குங்குமப்பூ மாத்திரன்னு அத்தகிட்ட சொல்லிட்டேன்."

"பொய் இல்லியாம்மா?"

அவள் கையைக் கழுவிவிட்டுத் திரும்பினாள். "உண்மையச் சொன்னேன், பீரோவுல வச்சுப் பூட்டுனீங்க. பொய்யச் சொன்னேன், அத்த பால்ல குடுக்கறாங்க. நீங்களே சொல்லுங்க மாமா. உண்மை பேசிட்டு இன்னொரு புள்ளையத் தொலைக்கணுமா நான்?"

அவள் கை தானாக வயிற்றுக்குப் போனது. அவர் பார்ப்பதைக் கண்டதும் சட்டென்று எடுத்துக்கொண்டாள். மூன்று மாசம் முடியாமல் சொல்ல மாட்டாள். அவரும் கேட்க மாட்டார். ஆனால் இருவருக்கும் தெரிந்துவிட்டது. "மன்னிச்சுக்கம்மா," என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல்லுக்கு அவர் யாருடைய ஒப்புதலும் கேட்கவில்லை.

இனி அலுவலக ரீதியாக என்ன செய்வது? தவறான கருத்து பரவினால் மறுப்பு வெளியிடுவது தனிப்பிரிவின் கடமை. வெளியிட்டால் நாளைக்கே தெருவில் ஒருத்தியும் மாத்திரை தொட மாட்டாள். அவர் நன்றாக யோசித்து, மேலிடத்துக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். மஞ்சக்குப்பம் பகுதியில் உள்ளூர்ப் பெண் தலைவர் ஒருவரின் முன்முயற்சியால் விழிப்புணர்வும் பயன்பாடும் நூறு சதவீதம் எய்தப்பட்டுள்ளன என்று. மேலிடம் மகிழ்ந்தது. கெடிலம் ஆற்றில் வெள்ளம் வந்தாலும் மேலிடத்திலிருந்து ஆள் வராத ஊருக்கு, அவருக்குச் சால்வை போட மூன்று கார் வந்தது. போர்டின் ரோஸ் வண்ணமே இந்த வெற்றிக்குக் காரணம் என்று ஓர் அதிகாரி மேடையில் ஆய்ந்து சொன்னார்.

ஐந்தாம் மாசம் ஸ்கேன். லூர்துநாதன் வெளியே பெஞ்சில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சால்வை, விருது எதுவும் அப்போது ஞாபகத்தில் இல்லை. அதே ஐந்தாம் மாசம். அதே மாதிரி ஒரு கதவு. உள்ளே இருந்து ஜெனிட்டா அழுதுகொண்டே வந்தாள். அவருக்கு உயிரே போய்விட்டது.

"முதுகெலும்பு நல்லா மூடியிருக்குதாம் மாமா," என்றாள்.

அவர் பெஞ்சிலேயே குனிந்து அழுதார். பின்னாலேயே வந்த டாக்டரம்மாவை மறித்தாள் சகாயசெல்வி. "டாக்டர், கலரு எப்பிடித் தெரியுது?"

"ஸ்கேன்ல எல்லாருமே கறுப்பு வெள்ளதாம்மா."

"வெள்ளையும் இருக்குதா?" என்று சகாயசெல்வி சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டாள்.

உரிய மாசத்தில் பெண் குழந்தை பிறந்தது. "முதுகு நேரா இருக்குது, காலு ரெண்டும் என்னா ஒத ஒதைக்குது பாருங்க," என்று சொல்லி நர்ஸ் பிள்ளையைச் சகாயசெல்வி கையில் கொடுத்தாள். சகாயசெல்வி முதுகைப் பார்க்கவில்லை, காலைப் பார்க்கவில்லை. காது மடலைத் திருப்பி நுனியைப் பார்த்தாள். காது நுனி எந்த நிறமோ பிள்ளை நாளைக்கு அந்த நிறம் என்பது நம் ஊர் விஞ்ஞானம். நுனி, பழுத்த நாவல் பழம்.

"ஐயோ மாதாவே! மாத்திர டூப்ளிகேட்டு!"

சொந்தக்காரர்களுக்குச் செய்தி போவதற்கு முன்னால் தெருவுக்குப் போய்விட்டது. சாயங்காலம் கண்ணாயிரம் கடை முன்னால் ஒரே கூட்டம். பயந்துபோய் அவன் லூர்துநாதனுக்குப் போன் போட்டான். அவர் ஆட்டோ பிடித்து ஓடி வந்தபோது, பெண்கள் கையில் அட்டைகளோடு கண்ணாயிரத்தைச் சாடிக்கொண்டிருந்தார்கள். முன்னால் சுவேதா நின்றாள். அவளுடைய அட்டை சாக்கடைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது. இன்னொரு கை அவளை அறியாமல் வயிற்றின் மேல் இருந்தது. அப்படி ஒரு கையை அவர் முன்பு தன் வீட்டு அடுப்படியில் பார்த்திருக்கிறார்.

"போடாதம்மா! நில்லு!" என்று கத்திக்கொண்டே கடைப்படியில் ஏறினார். மைக் இல்லை, மாலை இல்லை, மேடை இல்லை. வாழ்நாளில் முதல் தடவையாகக் கேட்க வேண்டியவர்களிடம் கேட்க வேண்டிய நேரத்தில் பேசினார். "அது கலருக்கே இல்லம்மா. முதுகெலும்புக்கு. புள்ள நிமுந்து நடக்கறதுக்கு. நெசமாச் சொல்றேன், சாமி சத்தியமா!"

"கலரு வரலன்னதும் முதுகெலும்புங்கறாரு பாரு," என்றாள் ஒருத்தி.

"கெவர்மெண்ட் ஆளு. மாட்டிக்கிட்டா பேச்ச மாத்துவாங்க."

"முதுகெலும்பு யாருக்குத்தான் இல்ல? மாத்திர போட்டா நம்மள எல்லாம் பெத்தாங்க?"

ஓர் அட்டை சாக்கடையில் விழுந்தது. இன்னொன்று விழுந்தது. சுவேதா விரலைத் தளர்த்தினாள்.

"ஏய், இருங்க!" லூர்துநாதன் குரல் உடைந்தது. "கலரு... கலரு உடனே வராது! அஞ்சு வயசுலதான் வெளிய வரும்!"

கூட்டம் அடங்கியது.

"அஞ்சு வயசுலயா?"

"ஆமா. உள்ளேருந்து வரணுமில்ல? பள்ளிக்கூடத்துல சேக்கும்போது பாருங்க. விடாமப் போட்டவங்களுக்குத்தான்."

"ஆமாண்டி," என்றாள் முதலில் திட்டினவள். "எங்க சித்தி பொண்ணு பொறந்தப்ப அட்டக் கறுப்பு. இப்பப் பாக்கணும் நீ."

சுவேதா அட்டையைப் பர்சுக்குள் வைத்து மூடினாள். சாக்கடையில் போட்டவர்கள் கண்ணாயிரத்திடம் புது அட்டை கேட்டார்கள்.

லூர்துநாதன் ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்தார். ஜெனிட்டா அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். சகாயசெல்வி வராந்தாவில் உட்கார்ந்து, அஞ்சு வயசுச் செய்தியை யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் தொட்டிலுக்குப் பக்கத்தில் போய் பேத்தியை மெல்லப் புரட்டி, அந்தச் சின்ன முதுகில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரலால் தடவிப் பார்த்தார். நேராக இருந்தது. கண்ணில் தண்ணீர் வழிந்தது. மாதாவுக்கு நன்றி சொன்னார், மருமகளுக்கு நன்றி சொன்னார், டாக்டரம்மாவுக்கு நன்றி சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். யாரும் இல்லை. பிள்ளையின் காது மடலை இரண்டு விரலால் திருப்பி, விளக்கு வெளிச்சத்தில் உற்றுப் பார்த்துவிட்டு, "பரவால்ல, அஞ்சு வயசுல வந்துடும்," என்றார்.